ரேடியேட்டர் இல்லாத என்ஜின் எப்படிக் குளிர்கிறது? சின்ன பெட்ரோல் மெசினின் பராமரிப்பு, காரணங்களோடு

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக் கடையில் விளக்கு எரிய வைக்கும் ஜெனரேட்டர், வெள்ளம் புகுந்த வீட்டில் தண்ணீர் இறைக்கும் பம்ப், கோயில் வளாகத்தில் புல் வெட்டும் மெசின். வேலை வேறு வேறு என்றாலும் இவற்றை ஓட்டுவது பெரும்பாலும் ஒரே வகை என்ஜின்தான். ஒற்றைச் சிலிண்டர், பெட்ரோல், கயிறு இழுத்தால் ஓடும், ரேடியேட்டர் கிடையாது.

ரேடியேட்டர் இல்லை என்பதில்தான் குழப்பமே ஆரம்பிக்கிறது. "தண்ணி ஊத்த வேண்டாம், அதனால பார்க்கவும் ஒண்ணும் இல்ல" என்பார் ஒருவர். "சர்வீஸ்னா கறுப்பு எண்ணெய மாத்துறது, அவ்வளவுதான்" என்பார் இன்னொருவர். "ரொம்பச் சூடாகுதா? மேல் மூடியக் கழட்டி விடுங்க, காத்துப் படட்டும்" என்பது மூன்றாவது யோசனை. முதலாவது தவறு, இரண்டாவது பாதி உண்மை, மூன்றாவது என்ஜினைக் கொன்றுவிடும். இந்த வகை என்ஜினில் நாம் செய்யும் பராமரிப்பு ஏறக்குறைய முழுவதும் ஒரே காரியத்துக்காகத்தான்: உள்ளே பிறக்கும் சூடு வெளியேறும் வழி அடைபடக் கூடாது. இது புரிந்துவிட்டால் எதை எப்போது செய்வது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

அளவுகளுக்கு ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்ஜினை எடுத்துக்கொள்வோம். 163 சி.சி. கொண்ட இதைப் பார்த்து உருவான வேறு நிறுவன என்ஜின்களும் ஏராளமாகப் புழங்குகின்றன. உங்களுடையது வேறு மாடல் என்றால் அளவுகளை அதன் கையேட்டில் பாருங்கள். காரணங்கள் மாறாது.

## சூடு எங்கே போகிறது

மாமாக் கடையில் தே தாரிக் ஆற்றுபவரைக் கவனியுங்கள். கோப்பையில் அப்படியே வைத்தால் ஆற நெடுநேரம் பிடிக்கும் தேநீர், கை நீளத்துக்கு நாலு தடவை இழுத்து ஊற்றியதும் குடிக்கிற பதத்துக்கு வந்துவிடுகிறது. மெல்லிய தாரையாக நீளும்போது அதிகப் பரப்பு காற்றில் படுகிறது. ஒவ்வொரு இழுப்பிலும் புதுக் காற்று படுகிறது. பரப்பு, புதுக் காற்று, இந்த இரண்டும்தான் வேலையைச் செய்கின்றன.

என்ஜினில் பரப்பைத் தருவது ஃபின். சிலிண்டரையும் அதன் தலையையும் சுற்றி அடுக்கடுக்காக வார்க்கப்பட்டிருக்கும் மெல்லிய அலுமினியத் தகடுகள் அவை. புதுக் காற்றைத் தருவது பிளைவீல். கயிறு இழுக்கும் மூடிக்குப் பின்னால் சுழலும் கனமான சக்கரத்துக்கு அந்தப் பெயர். அதோடு விசிறி இதழ்கள் இருக்கும். என்ஜின் ஓடும்போதெல்லாம் அந்த விசிறி முன்பக்கத்துக் கம்பி வலை வழியாகக் காற்றை உறிஞ்சித் தள்ளும். தள்ளிய காற்று நாலு பக்கமும் சிதறாமல் ஃபின்களுக்கு நடுவே மட்டும் போகும்படி வளைத்து விடுகிற தகட்டு மூடிதான் ஷ்ரவுட்.

மூன்றாவது யோசனை ஏன் ஆபத்து என்பது இப்போது தெரிந்திருக்கும். ஷ்ரவுட்டைக் கழற்றினால் விசிறிக் காற்று வழியில்லாமல் வெளியே கொட்டிவிடும். ஃபின்களுக்குக் கிடைப்பது தெருவில் அடிக்கிற காற்று மட்டுமே. இரவு எட்டு மணிக்கும் 28, 29 டிகிரி இருக்கும் பினாங்கு ஜார்ஜ்டவுனில் அது எந்த மூலைக்குப் போதும்? பெட்ரோல் எரிந்து தரும் ஆற்றலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் தண்டைச் சுழற்றுகிறது. மீதி புகையோடும் உலோகத்தின் வழியாகவும் சூடாக வெளியேற வேண்டும்.

இதுவரை பார்த்தது: ஃபின் பரப்பைத் தருகிறது, பிளைவீல் விசிறி காற்றைத் தருகிறது, ஷ்ரவுட் அதற்கு வழி காட்டுகிறது. மூன்றில் ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டால் பயனில்லை.

## யாரும் பார்க்காத அழுக்கு

வெளியே துடைத்துப் பளபளவென்று வைத்திருக்கும் மெசினிலும் ஷ்ரவுட்டுக்கு உள்ளே பார்த்தால் வேறு கதை. புல் வெட்டும் இடத்தில் புல் தூசி, சாத்தே கடைக்குப் பின்னால் நின்ற ஜெனரேட்டரில் கரிப்புகையும் எண்ணெய்ப் பசையும், பத்து ஃபெரிங்கி கடற்கரைப் பக்கம் ஓடியதில் மணலும் உப்பும். ஒரு வருடம் மூலையில் கிடந்த மெசினில் குளவிக் கூடுகூட இருக்கலாம். கசிந்த எண்ணெயில் தூசி ஒட்டினால் ஃபின்களின் இடுக்கு மண் பூசியது போல் அடைந்துவிடும். அடைந்த ஃபின் உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் போர்வைதான்.

சுத்தம் செய்ய என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். முதலில் பிளக் தொப்பியைக் கழற்றி ஓரமாக வையுங்கள். கை தவறி என்ஜின் சுழன்றாலும் தீப்பொறி வராது. பிறகு கயிறு மூடியையும் ஷ்ரவுட்டையும் பிரியுங்கள். ஃபின் இடுக்கைக் கிளற இரும்பு ஸ்குரூடிரைவர் வேண்டாம், சாத்தே குச்சி போதும். மூங்கில் என்பதால் அலுமினியத்தைக் கீறாது, மெல்லிய இடுக்குக்குள்ளும் போகும். கிளறியதைப் பிரஷ்ஷால் தள்ளி, கடைசியாகக் காற்று அடியுங்கள். புகை வெளியேறும் எக்சோஸ் பக்கத்து ஃபின்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மிக அதிகமாகச் சூடாகும் பகுதி அது; கை எளிதில் போகாததால் எல்லோரும் விட்டுவிடும் பகுதியும் அதுதான்.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை விட்டுவிடுங்கள். ஏர் ஃபில்டருக்குள்ளும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயிலுக்குள்ளும் ஈரம் போகும். சூடாக இருக்கும்போது அடித்தால் வார்ப்பு திடீரென்று சுருங்கி வளையவோ விரிசல் விடவோ வாய்ப்புண்டு.

இன்னொரு வழக்கமும் இருக்கிறது. சத்தம் கேட்கக் கூடாது என்று ஜெனரேட்டரைப் பலகையாலோ கன்வாஸாலோ மூடி வைப்பார்கள். தான் விட்ட சூடான காற்றையே அது திரும்ப இழுக்கும். சுவரிலிருந்தும் பொருள்களிலிருந்தும் ஒரு மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில் வையுங்கள். மழை வந்ததும் வேனுக்குள் தூக்கி வைத்து ஓட்டுவது என்ஜின் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

## எண்ணெய்: அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்

எண்ணெய் இரண்டு வேலை செய்கிறது. உராய்வைக் குறைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. பிஸ்டனின் சூட்டைச் சுமந்து வந்து என்ஜினின் வெளி உடலில் சேர்ப்பது இன்னொன்று. பேச்சில் இது விட்டுப்போகும்.

காரில் எண்ணெய் மூன்று, நான்கு லிட்டர் இருக்கும். பம்ப் உண்டு, ஃபில்டர் உண்டு. ஜிஎக்ஸ்160-இல் 0.58 லிட்டர்தான். ஃபில்டரே இல்லை. இணைப்புத் தண்டின் அடியில் கரண்டி போல ஒரு நீட்சி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயில் முங்கி மேலே தெளிக்கிறது, அவ்வளவே. உள்ளே விழும் கரியும் உலோகத் தூளும் நீங்கள் எண்ணெயை மாற்றுகிற நாள் வரை அதிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். காரைப் போல நாள் கடத்த முடியாததற்குக் காரணம் இதுதான்.

புது என்ஜினில் முதல் மாற்றம் ஒரு மாதத்தில் அல்லது 20 மணி நேரத்தில். பிறகு ஆறு மாதம் அல்லது 100 மணி நேரம், எது முந்தியதோ அது. இந்த "எது முந்தியதோ" என்பதைத்தான் யாரும் காதில் வாங்குவதில்லை. வாரத்துக்கு ஐந்து இரவு, இரவுக்கு ஐந்து மணி நேரம் கடை போடுபவருக்கு வாரம் 25 மணி நேரம் ஆகிறது. நாலே வாரத்தில் 100. ஆக அவருக்கு மாதத்துக்கு ஒரு மாற்றம். ஆறு மாதம் என்று காத்திருந்தால் 600 மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

அளவு பார்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மெசினைச் சமதரையில் வைத்து, என்ஜினை நிறுத்தி, அளவுக் குச்சியைத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். திருகி எடுத்தால் குச்சி கூடுதல் ஆழம் போய், எண்ணெய் அதிகம் இருப்பதாகக் காட்டும். நீங்களும் குறைவான எண்ணெயோடு ஓட்டுவீர்கள். ஜிஎக்ஸ்160-க்கு இதுதான் முறை. சில மாடல்களில் திருகிப் பார்க்கச் சொல்வார்கள், மூடிக்குப் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நிரம்பிய நிலையில் எண்ணெய் வாய்ப்பகுதியின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அதற்கு மேல் ஊற்றினால் மூச்சுக்குழாய் வழியாக ஏர் ஃபில்டருக்குள் ஏறி, வெள்ளைப் புகையாக வரும்.

மாற்றும்போது என்ஜின் இளஞ்சூடாக இருக்கட்டும். ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் எண்ணெய் நீர்த்து, அடியில் படிந்ததையும் இழுத்துக்கொண்டு இறங்கும். வடிகால் போல்ட்டின் வாஷர் நசுங்கியிருந்தால் புதிது போடுங்கள். தரத்துக்கு ஹோண்டா பொதுவாகச் சொல்வது 10டபிள்யூ-30, ஏபிஐ எஸ்ஜே அல்லது அதற்குப் பிந்தியது. நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 30-உம் பொருந்தும். 27 டிகிரிக்கு மேல் 10டபிள்யூ-30 கொஞ்சம் வேகமாகச் செலவாகலாம் என்று இன்னொரு என்ஜின் நிறுவனமான பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் தன் கையேடுகளில் எச்சரிக்கிறது. இங்கே பகலில் 27-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஒவ்வொரு முறை ஓட்டும் முன்பும் குச்சியைப் பாருங்கள்.

வடித்த எண்ணெயை லொங்காங்கில், அதாவது சாக்கடையில், கொட்டாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்டபிள்யூ 305 என்ற எண்ணுள்ள அட்டவணைக் கழிவு. பழைய பாட்டிலில் ஊற்றி, கழிவு எண்ணெய் சேர்க்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

சுருக்கமாக: எண்ணெய் குறைவு, ஃபில்டர் இல்லை, சூடும் அதிகம். அதனால் மணிக்கணக்குதான் முக்கியம். ஜெனரேட்டர் மூடியில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, மாற்றிய தேதியையும் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதி வைத்தால் போதும்.

## ஏர் ஃபில்டர்

ஒரு லிட்டர் பெட்ரோல் சரியாக எரிய, எடைக்கணக்கில் அதைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். கன அளவில் அது ஏறக்குறைய 9000 லிட்டர். அவ்வளவும் ஓர் உள்ளங்கை அகல ஃபில்டர் வழியாகத்தான் போகிறது. அடைத்தால் காற்று குறைந்து, பெட்ரோல் மிஞ்சி, கறுப்புப் புகை வரும், பிளக் கரி பிடிக்கும். ஃபில்டரையே கழற்றிவிட்டு ஓட்டினாலோ தூசி நேராகச் சிலிண்டருக்குள் போய் ரிங்கைத் தேய்க்கும். அந்த என்ஜின் எண்ணெய் குடிக்க ஆரம்பித்த பிறகு பராமரிப்பால் மீட்க முடியாது.

50 மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். தூசி அதிகமென்றால் அதற்கு முன்பே. ஸ்பாஞ்சு வகையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கசக்கி, அலசி, நன்றாகக் காய வைத்து, சுத்தமான என்ஜின் எண்ணெயில் நனைத்துப் பிழிய வேண்டும். எண்ணெய் இல்லாத ஸ்பாஞ்சு பெரிய தூசியை மட்டுமே பிடிக்கும். பிழியும்போது முறுக்கினால் கிழியும், அமுக்குங்கள். காகித வகைக்கு எண்ணெயும் ஆகாது, தண்ணீரும் ஆகாது. தரையில் மெதுவாகத் தட்டுங்கள், அல்லது உள்ளிருந்து வெளியே 30 பிஎஸ்ஐ-க்கு மிகாமல் காற்று அடியுங்கள். பெட்ரோலில் கழுவுவதைப் பல இடங்களில் பார்க்கலாம். தீப்பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் தேவையில்லை.

## பிளக்கும் டேப்பட்டும்

பிளக்கைப் பற்றி எல்லோரும் பேசுவது தீப்பொறியை மட்டும். அதுவும் சூட்டை வெளியேற்றும் ஒரு வழி என்பது பேச்சில் வருவதில்லை. பிளக்கின் முனையில் சேரும் சூடு அதன் மரை வழியாகவும் அமரும் வளையம் வழியாகவும்தான் சிலிண்டர் தலைக்கு இறங்குகிறது. தளர்ந்த பிளக் அளவுக்கு மீறிச் சூடாகி என்ஜினைக் கெடுக்கும். கையால் கடைசி வரை திருகிவிட்டு, புது பிளக் என்றால் சாவியால் அரைச் சுற்று, பழையது என்றால் எட்டில் ஒரு பங்கிலிருந்து கால் சுற்று வரை. அதற்கு மேல் முறுக்கினால் அலுமினிய மரை பிடுங்கிக்கொண்டு வரும். இந்த என்ஜினுக்கு என்ஜிகே பிபிஆர்6ஈஎஸ் பொருந்தும். முனைகளுக்கு இடைவெளி 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. முனை இளம் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி என்றால் ஃபில்டர் அடைப்பு அல்லது சோக் (ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கும் கதவு) மூடியே ஓடியது. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவாகப் போகிறது அல்லது என்ஜின் மிஞ்சிச் சூடாகிறது.

டேப்பட் என்று மெக்கானிக்குகள் சொல்வது, வால்வுத் தண்டின் நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடப்படும் மயிரிழை இடைவெளி. சூட்டில் வால்வின் தண்டு நீளும். நீளுவதற்கு இடம் இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது. மூடாத வெளிவால்வு வழியாகத் தீ கசிந்து அதன் விளிம்பையே எரித்துவிடும். ஆறிய நிலையில் உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. 300 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது வருடத்துக்கு ஒரு முறை. ஃபீலர் கேஜ் பழக்கம் இல்லாதவர்கள் இதை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடலாம். ஆனால் "டேப்பட் பார்த்தீர்களா, எவ்வளவு வைத்தீர்கள்?" என்று கேட்டு வாங்குங்கள்.

ஜெனரேட்டரில் கவர்னர் திருகைத் தொடாதீர்கள். வேகத்தை ஒரே அளவில் பிடித்து வைக்கும் பாகம் அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் தர, சாதாரண ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். விளக்கு மங்குகிறது என்று திருகை ஏற்றினால் மங்குவதற்கான காரணம் அப்படியே இருக்கும், செருகிய ஃப்ரிட்ஜ்தான் கெடும்.

## பழைய பெட்ரோல்

மேலே சொன்னதெல்லாம் அதிகம் ஓடும் மெசினுக்கு. அதிகம் ஓடாததற்கு வேறு நோய்.

தைப்பூசத்துக்கு ஜாலான் கெபுன் பூங்கா வழியில் போடும் தண்ணீர்ப் பந்தல்களை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று நாள் ஜெனரேட்டர் இரவு பகலாக ஓடும். பந்தல் பிரித்ததும் பாதி டேங்கோடு ஸ்டோருக்குப் போகும். அடுத்த தை மாதம் கயிறை எத்தனை முறை இழுத்தாலும் உயிர் வராது. ஓடிய மணி நேரம் குறைவுதான். ஆனால் பெட்ரோல் ஒரு மாதம் நின்றாலே கெட ஆரம்பிக்கும். அதன் இலேசான பகுதி ஆவியாகிப் போக, மீதி பிசினாகக் கார்ப்பரேட்டருக்குள் படிகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து தரும் பாகம் கார்ப்பரேட்டர். அதில் பெட்ரோல் வரும் ஊசித் துளைதான் ஜெட்.

ஜெட் பாதி அடைந்த என்ஜினைச் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம். வேகம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊளையிடுவது போல் ஓடும். சோக்கைப் பாதி மூடினால் மட்டும் சமநிலைக்கு வரும். சோக் காற்றைக் குறைப்பதால், குறைந்து வரும் பெட்ரோலுக்கு ஏற்றதாகிவிடுகிறது. அப்படியே சமாளித்து ஓட்டுபவர்கள் உண்டு. வேண்டாம், பெட்ரோல் குறைந்த கலவை கூடுதல் சூட்டைக் கிளப்பும். ஜெட்டைக் கழற்றி கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பி இழையால் துளையைத் திறக்கலாம். தையல் ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும், பிறகு பெட்ரோல் மிஞ்சும்.

பெட்ரோலுக்கு ரோன் 95 தாராளம். ரோன் 91-க்கு மேல் எதுவும் போதும் என்றே கையேடு சொல்கிறது. 97 ஊற்றினால் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

## எண்ணெய் கலந்து ஊற்றும் மெசின்

தோளில் மாட்டும் பல புல் மெசின்கள் இரண்டு ஸ்ட்ரோக் வகை. அவற்றில் தனி எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் டூ-டி எண்ணெய்தான் எல்லாம். 25-க்கு 1 என்றால் லிட்டருக்கு 40 மில்லி, 50-க்கு 1 என்றால் 20 மில்லி. எந்த விகிதம் என்பது டேங்க் மூடியிலோ கையேட்டிலோ இருக்கும். கண்மதிப்பில் ஊற்ற வேண்டாம். குறைந்தால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், மிஞ்சினால் எக்சோஸில் கரி அடைக்கும்.

பாலேக் பூலாவ் சரிவுகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிஎக்ஸ்160 வகை 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி, கரண்டிக்கு எட்டாது. ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற சின்ன நான்கு ஸ்ட்ரோக் என்ஜின்கள் எந்தக் கோணத்திலும் ஓட வடிவமைக்கப்பட்டவை. ஆனால் அவற்றுக்குள் இருப்பது 100 மில்லி எண்ணெய்தான். பத்து மில்லி குறைந்தாலே பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

## மூடி வைக்கும் முன்

ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிடுங்கள். கார்ப்பரேட்டர் கிண்ணத்துக்கு அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து, அதில் தேங்கியதையும் இறக்குங்கள். பெட்ரோல் வால்வுக்குக் கீழே தொங்கும் வண்டல் கிண்ணத்தைக் கழற்றிக் கழுவுங்கள். தண்ணீரும் துருவும் அங்கேதான் சேரும். எண்ணெயை மாற்றிவிட்டே வையுங்கள். பழைய எண்ணெயில் சேர்ந்த அமிலமும் ஈரமும் பேரிங்கில் மாதக்கணக்கில் ஊறக் கூடாது.

பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு தேக்கரண்டி புது என்ஜின் எண்ணெய் விட்டு, கயிறை மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். எண்ணெய் சிலிண்டர் சுவர் முழுக்கப் பரவும். பிளக்கை மாட்டியபின் தொப்பியை மாட்டாமலே, கயிறை இன்னும் ஒரு முறை மெதுவாக, கையில் எதிர்ப்புத் தெரியும் வரை இழுத்து, அங்கேயே நிறுத்திக் கயிறைத் திரும்ப விடுங்கள். அந்த இடத்தில் இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். நம் ஊர் ஈரக்காற்று சிலிண்டருக்குள் நுழைய வழி இருக்காது.